அந்த யப்பான் காரின் மேல் சுமத்திய பழி

மெல்பேர்ணில் எனக்குத் தெரிந்த தமிழ் ஆண்களில், டர்போ என்றால் என்னவென்று எனக்கு விளங்கப்படுத்தாதவர்கள் மிகக் குறைவு. பிறந்தநாள் வீடுகளில், கோயிலின் கார் தரிப்பிடத்தில், ஒரு முறை செத்தவீட்டில்கூட. கையில் கடதாசிக் கோப்பையோடு வந்து நின்று, "அக்கா, இப்ப எஞ்சினுக்குள்ள காத்துப் போகுதெல்லே..." என்று தொடங்குவார்கள். அந்த வருடங்களில் நான் டர்போக்களைக் கழற்றிப் பூட்டித்தான் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால், "அங்க ஒஃபிஸ் வேலையோ?" என்று கேட்பார்கள். பிறகு நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

இதை அவர்களுக்காக எழுதவில்லை. 1993இல் ஒரு மோட்டார் சஞ்சிகையில் இரண்டு கார்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்தது. ஒன்று ஜேர்மன் கார், மற்றது யப்பான் கார். இரண்டும் டர்போ பூட்டிய விளையாட்டுக் கார்கள். அந்தக் கட்டுரை பொய். பொய் என்று நேரே அறிந்தவர்கள் நான்கு பேர். அதில் நான் ஒருத்தி. மற்ற மூவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன், அதற்கு நடந்தது என்னவென்று சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவள். கடைசி வருடப் பரீட்சை எழுதக் கிடைக்கவில்லை. எண்பத்துநான்கில், ஏற்கனவே இங்கு வந்திருந்த என் கணவரிடம் வந்து சேர்ந்தேன். அவர் ஒரு வங்கியில் வேலை செய்தார். எனக்குக் கிடைத்தது பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. நாலரை வருடம் அடுக்கினேன். ஒரு நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். டண்டினோங்கில் ஒரு பட்டறைக்கு, நடுங்காத கையும் பொறுமையும் உள்ள ஆள் தேவை என்று போட்டிருந்தது. படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போனேன்.

அந்தப் பட்டறை டர்போ திருத்தும் இடம். எஞ்சினிலிருந்து வெளியே போகிற சூடான புகை ஒரு சின்னச் சில்லைச் சுற்றும். அந்தச் சில்லின் அச்சில் மறுபக்கம் இன்னொரு சில்லு. அது சுற்றும்போது வெளிக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். கூடக் காற்று போனால் கூட எரிபொருள் எரியும், கார் பாயும். அவ்வளவுதான் டர்போ. ஆனால் அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். ஒரு பக்கம் ஒரு மணல் அளவு பாரம் கூடினாலும் நடுங்கி, தன்னைத் தானே தின்றுவிடும். சில்லை இயந்திரத்தில் சுழல விட்டு, பாரம் கூடின இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு துளி உலோகத்தை உரசி எடுக்க வேண்டும். அதுதான் என் வேலை. இரண்டு மாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருடத்தில் அந்தப் பட்டறையில் என்னைவிடத் துல்லியமாகச் செய்ய ஆள் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. முதலாளியே சிட்னியிலிருந்து வரும் வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் சொல்வார்.

முதலாளி ஐம்பது வயது கடந்த வெள்ளைக்காரர். கெட்டவர் என்று தொடங்கினால் அது நியாயமில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் தானே வீட்டில் கொண்டுவந்து விடுவார். மற்ற ஆண்கள் என் பெயரைக் கோணலாகச் சொல்லிச் சிரித்தபோது அவர்களைக் கூப்பிட்டு ஏசினார். அவருக்கு ஒரேயொரு பைத்தியம் இருந்தது. அது அவருடைய ஜேர்மன் கார்.

எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கார். வெள்ளி நிறம். எஞ்சின் பின்னுக்கு இருக்கும். பின் பக்கத்தில் ஒரு தட்டு மாதிரிச் செட்டை. ஒரேயொரு பெரிய டர்போ. அந்தக் காரைப் பற்றி அவர் கதைக்கும்போது குரல் தணிந்துவிடும். யப்பான் கார்களைப் பற்றிக் கதைக்கும்போது அவற்றைச் சலவை இயந்திரம் என்பார்.

அந்த வருடங்களில் இந்த நாட்டில் அப்படிப் பேசியவர் அவர் மட்டுமில்லை. வருடா வருடம் மலையில் நடக்கும் பெரிய கார்ப் பந்தயத்தில் ஒரு யப்பான் டர்போ கார் வென்றபோது, மேடையில் நின்ற ஓட்டுனர்களைப் பார்த்துக் கூட்டம் ஊளையிட்டது. நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வென்றவனைப் பார்த்து ஊளையிடும் சனத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. பிறகு டர்போ கார்கள் அந்தப் பந்தயத்துக்கே வர முடியாதபடி விதியையும் மாற்றினார்கள்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் ரோவிலில் இருந்த பல் வைத்தியர். சிங்கப்பூர்த் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கியவர். அவரிடம் அந்தப் பந்தயக் காரின் தெருவில் ஓடும் வடிவம் இருந்தது. இரண்டு வருடப் பழசு. ஆறு சிலிண்டர், இரண்டு சின்ன டர்போ, நாலு சில்லும் இழுக்கும். எண்ணெய் மாற்றக்கூட எங்களிடம்தான் கொண்டுவருவார். என்னைக் கண்டால் தமிழில் பேசுவார். பட்டறையில் எனக்குத் தமிழ் கேட்பது அவர் வரும் நாட்களில் மட்டும்தான்.

ஒரு நாள் மோட்டார் சஞ்சிகையில் எழுதுகிற ஒருவர் முதலாளியிடம் வந்தார். இரண்டு பேரும் பழைய கூட்டாளிகள். பழைய ஜேர்மன் அரசனையும் புதிய யப்பான் சவாலையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்து எழுதினால் எப்படி என்று கேட்டார். முதலாளிக்கு முகம் மலர்ந்தது. பல் வைத்தியரிடம் காரை ஒரு நாள் இரவல் கேட்டார்கள். அவருக்கும் சந்தோஷம்தான். "என் காரைப் பத்தி மேகசின்ல வரப்போகுதுங்க" என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த மூன்று கிழமையும் ஜேர்மன் காருக்குக் கல்யாண வீடு. டர்போவை முழுதாகக் கழற்றி என் மேசையில் வைத்தார்கள். எண்ணெய் கருகி அச்சின் தாங்கிகளில் தார் மாதிரிப் படிந்திருந்தது. அந்தக் காலத்து டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. ஓட்டிவிட்டு உடனே எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் உள்ளே வெந்துவிடும். புதிய தாங்கி போட்டு, அச்சை மாற்றி, மூன்று நாள் இருந்து சமப்படுத்திக் கொடுத்தேன். புதிய டயர், புதிய பிரேக், எல்லாம் நடந்தது.

"மற்றக் காரையும் ஒருக்கால் திறந்து பார்க்கட்டா?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அது புதுக் கார்தானே, தேவையில்லை" என்றார். டயரைக்கூட மாற்றவில்லை. நான் சமப்படுத்திய சில்லு இருந்தது ஜேர்மன் காரில். அதனால் எனக்கு உள்ளுக்குள் அந்தப் பக்கம்தான் சாய்வு என்றுகூடச் சொல்லலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யப்பான் காருக்குப் பரிந்து பேச எனக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

ஓட்டிப் பார்த்த இடம் மெல்பேர்ணுக்குக் கிழக்கே மலையடியில், ஒரு கார்ச் சங்கத்துக்குச் சொந்தமான ஏற்றப் பாதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னையும் வரச் சொன்னார்கள். டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்ட இரண்டு காரிலும் ஒரு மானி பொருத்தியிருந்தோம். பக்கத்து ஆசனத்தில் இருந்து அதைப் பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும். என்னைத் தெரிவு செய்ததற்கு மானி வாசிக்கத் தெரியும் என்பது காரணமில்லை. பட்டறையில் ஆகக் குறைந்த நிறை எனக்குத்தான். சஞ்சிகை எழுத்தாளர் அதை என் முகத்துக்கு நேரே சொன்னார். "காருக்குச் சுமை தெரியாது" என்றார்.

முதலில் ஜேர்மன் கார். முதலாளி ஓட்டினார். கதவு மூடுகிற சத்தமே ஒரு வங்கிப் பெட்டகம் மூடுகிற மாதிரி இருந்தது. புறப்பட்டபோது, இவ்வளவுதானா என்று நினைத்தேன். அக்சிலரேற்றரை அமத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. மானியின் ஊசி சும்மா கிடக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். பிறகு முதுகில் யாரோ உதைத்த மாதிரி. ஊசி எழும்பி நிற்கிறது, வளைவு முன்னால் வந்துவிட்டது, முதலாளியால் காலை எடுக்கவும் முடியாது. எடுத்தால் எஞ்சின் பாரத்தில் பின்பக்கம் வீசிக்கொண்டு போய்விடும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார். மூன்று ஓட்டம். மூன்றும் மூன்று மாதிரி. இறங்கியபோது அவருடைய சேட் முதுகில் ஒட்டியிருந்தது. முகம் மட்டும் பிள்ளையுடைய முகம் மாதிரி இருந்தது. அந்தக் காரை ஏன் அவர் அப்படி நேசித்தார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. அது ஓட்டுகிறவனைச் சோதிக்கிற கார். தப்பி வந்தால் அவன் தன்னை ஒரு வீரன் என்று நினைக்கலாம்.

பிறகு யப்பான் கார். எழுத்தாளர் ஓட்டினார். உள்ளே பிளாஸ்ரிக் மணம். கதவு தகரம் மாதிரிச் சத்தம் போட்டது. ஆனால் அமத்திய அடுத்த கணம் ஊசி எழும்பியது. சின்னச் சில்லுகள், பாரம் குறைவு, காத்திருக்கத் தேவையில்லை. வளைவில் கார் வழுக்கத் தொடங்கும்போது முன் சில்லுகள் பிடித்து இழுத்து நேராக்கிக்கொண்டன. எழுத்தாளர் ஒரு கையால்கூட ஓட்டியிருக்கலாம். எனக்கு எழுதவும் நேரம் இருந்தது. ஊசி அந்தக் காருக்கு உரிய ஏழில் போய் நின்றது, அதற்கு மேலே போகவில்லை. இரண்டு ஓட்டம். நேரக் கணக்கு எழுதிய தாளைப் பார்த்து என் குறிப்புக் கொப்பியிலும் எழுதிக்கொண்டேன். யப்பான் கார் இரண்டு தடவையும் முந்தியிருந்தது. அதுவும் பழைய டயரோடு.

முதலாளி அந்தத் தாளை வாங்கிக் கனநேரம் பார்த்தார். "சாப்பிடுவோம்" என்றார்.

நான் ஜேர்மன் காருக்குள் இருந்தபடி என் பெட்டியைத் திறந்து புட்டுச் சாப்பிட்டேன். அவர் யப்பான் காரின் முன் மூடியைத் திறந்து குனிந்துகொண்டு நின்றது தெரிந்தது. எண்ணெய் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஓட்டம். முதல் வளைவு தாண்டி எழுத்தாளர் அமத்தினார். ஊசி ஏழில் நிற்கவில்லை. எட்டு, பத்து, பன்னிரண்டு.

"அழுத்தம் கூடிப் போகுது, காலை எடுங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"போகட்டும்" என்றார். சிரித்தார்.

இன்னொரு முறை சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பீங்கான் கோப்பை தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னால் ஒரு நீண்ட ஊளை. கார் உயிர் போன மாதிரி இழுக்காமல் நின்றது. ஊசி பூச்சியத்துக்கு வந்தது. நான் எல்லாவற்றையும் எழுதினேன்.

திங்கட்கிழமை அந்தக் காரை நான்தான் திறந்தேன். அந்த வகை டர்போவில் சூட்டுப் பக்கச் சில்லு உலோகம் இல்லை, பீங்கான். பாரம் குறைவு என்பதால்தான் அது அவ்வளவு விரைவாக எழும்பும். உரிய அழுத்தத்தில் ஓட்டினால் நெடுங்காலம் இருக்கும். மேலே போனால் உடையும். இது எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், முதலாளிக்கு எல்லோருக்கும் முதல் தெரியும். ஒரு டர்போவுக்குள் வெறும் அச்சுத்தான் மிச்சம். சில்லு தூளாகிவிட்டது.

பிறகு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ரப்பர்க் குழாயைப் பார்த்தேன். அதை நடுவில் வெட்டி ஒரு சின்னத் திருகு பொருத்தியிருந்தது. மீன்தொட்டிக்குக் காற்று விடும் குழாயில் போடுவார்களே, அந்தத் திருகு. அதைத் திறந்து விட்டால் காற்றுக் கசியும். அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டர்போவின் வால்வுக்குத் தெரியாது. அது திறக்காது. டர்போ தறிகெட்டுச் சுற்றும்.

திருகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

"இதை நீங்கள்தானே போட்டனீங்கள்?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன். ஆனால் நினைக்கும்போது எனக்குத் தமிழில்தான் வருகிறது.

அவர் பொய் சொல்லவில்லை. "என்ன செய்யும் என்று பார்க்க விரும்பினேன். ஒரு ஆவல். அவ்வளவுதான்" என்றார்.

"உங்கட காரில ஏன் பார்க்கேல்லை?"

வேறொருவருடைய காரை உடைத்துவிட்டோம் என்று அவருக்கு வெட்கம் இருந்தது, அதை நான் கண்டேன். டர்போக்களைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பதாகவும், அதில் பல் வைத்தியருக்கு ஒரு சதமும் செலவு வராது என்றும் சொன்னார். உடைக்க வேண்டும் என்றே செய்தாரா, ஆவலில்தான் செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கட்டுரை வரும்வரை, ஆவல் என்றே நம்பினேன்.

கட்டுரை இரண்டு மாதம் கழித்து வந்தது. மூன்றாவது ஓட்டத்தில் யப்பான் கார் "தானாகவே" உடைந்தது என்று எழுதியிருந்தது. சோதனையை முடிக்க முடியாமல் போனதால் நேரங்களைத் தரவில்லை என்று எழுதியிருந்தது. அழுத்தம் என்ற இடத்தில், இரண்டு காருக்கும் தொழிற்சாலை சொல்லும் எண்ணைப் போட்டிருந்தார்கள். கடைசிப் பந்தியில், பொறியியல் என்பது பரம்பரையில் வருவது, அதைப் பிரதி எடுக்க முடியாது என்று ஒரு வசனம். ஜேர்மன் காரின் டர்போ தாங்கிகளில் எண்ணெய் கருகும் விஷயத்தை நான் என் கொப்பியில் எழுதி, அதன் பிரதியை எழுத்தாளருக்குக் கொடுத்திருந்தேன். அதையும் எடுத்து, "பட்டறைப் பையன்கள் கவனித்தது" என்று போட்டிருந்தார்கள். பக்கத்தின் மூலையில் ஒரு படம். ஒரு சில்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு கைகள். என் கைகள். காப்பு தெரியாமல் வெட்டியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. படத்தை வெட்டியதற்குக்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. அளந்த ஒன்றை மறைக்கிறார்கள் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் படித்த படிப்பில் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அளந்ததை அளந்தபடி எழுத வேண்டும். பிடிக்கவில்லை என்றாலும் எழுத வேண்டும்.

பல் வைத்தியர் அடுத்த முறை எண்ணெய் மாற்ற வந்த நாளில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியைக் காட்டினேன். திருகையும் காட்டினேன்.

அவர் கொப்பியை மூடி என்னிடம் தந்தார். பிறகு, "தெரியும்ங்க" என்றார். "அவரே அன்னிக்கு ராத்திரி போன் பண்ணிச் சொல்லிட்டாரு."

"அப்ப ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்?"

"புது டர்போ போட்டுக் குடுத்துட்டாரு. சாரி சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்னங்க?"

"உங்கட கார் தானா உடைஞ்சதெண்டு நாடு முழுக்க வாசிக்குது."

"நம்ம எங்க இருக்கோம்னு பாருங்க" என்றார். "என் கிளினிக்குக்கு வர்றவங்கல்லாம் இவங்கதான். ஒரு மேகசினோட சண்டை போட்டா நாளைக்கு நம்மளைப் பத்திப் பேசுவாங்க. விட்டுடுங்க. உங்க வேலைக்கும் நல்லது இல்ல."

காரில் ஏறி ஓட்டிக்கொண்டு போனார். அவரை நான் மதித்திருந்தேன். அன்றைக்கு முதலாளியைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து கேட்டார். "உமக்கேன் இது? கார் உம்மட இல்லை. உடைச்சவர் திருத்திக் குடுத்திட்டார்" என்றார்.

"எழுதினது பொய்."

"சஞ்சிகையில எல்லாம் அப்பிடித்தான்."

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். முடிந்த ஐந்து ஓட்டங்களின் நேரம், ஆறு ஓட்டங்களின் அழுத்தம், திருகு பொருத்திய இடம், எல்லாம் எழுதினேன். ஒருவரையும் திட்டவில்லை. ஒரு பல்கலைக்கழக மாணவி ஆய்வுகூட அறிக்கை எழுதுவது மாதிரி எழுதினேன். கீழே என் முதலெழுத்துகளையும் அப்பாவின் பெயரையும் போட்டு, டர்போ சமப்படுத்துபவர் என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

போட்டார்கள். ஆறு வரி. யப்பான் கார் காலையில் முந்தியது என்பதை எடுத்துவிட்டார்கள். திருகையும் எடுத்துவிட்டார்கள். பீங்கான் சில்லுகளைக் கவனமாகப் பாவிக்க வேண்டும் என்று நான் எழுதிய ஒரு வசனம் மட்டும் மிஞ்சியிருந்தது. வாசித்தால் நானும் அந்தக் கட்டுரைக்கு ஆமாம் போட்ட மாதிரி இருந்தது. கீழே என் பெயருக்கு முன்னால் "மிஸ்டர்" என்று போட்டிருந்தார்கள்.

முதலாளி அதை வாசித்தார். அடுத்த நாள் என் மேசைக்கு வந்து, "நீ என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"உங்களிட்டத்தான் முதல் சொன்னனான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாடிக்கையாளர் வரும்போது என் மேசைப் பக்கம் கூட்டிக்கொண்டு வருவது நின்றது. மற்றவர்கள் என்னோடு கதைப்பதைக் குறைத்தார்கள். தேநீர் நேரத்தில் நான் போனால் கதை நின்றுவிடும். எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு மெல்பேர்ணின் வடக்கே பஸ், லொறி டர்போக்களைத் திருத்தும் ஒரு இடத்தில் வேலை கேட்டேன். அங்கே நேர்முகத்தில் ஒரு அச்சைத் தந்து சமப்படுத்தச் சொன்னார்கள். செய்தேன். அன்றைக்கே எடுத்தார்கள். கண் மங்கி வேலையை விடும்வரை அங்கேதான் இருந்தேன். அழகான கார் ஒன்றும் வராது. பஸ் டர்போவைப் பற்றி ஒருவரும் கவிதை எழுதுவதில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கட்டுரை மட்டும் சாகவில்லை. இணையம் வந்த பிறகு அது இன்னும் வளர்ந்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அந்த வகைக் காரைப் பற்றி எங்கே கதை வந்தாலும், மலையில் தானாக உடைந்தது என்று அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். சிட்னியில், பிளாக்டவுனில் ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொறியியலாளர் அதை எனக்கே சொன்னார். "அது பேருக்குத்தான் கார் அன்ரி, மலையில ரெண்டு நிமிஷம் தாங்கேல்லை" என்றார். நான் அந்தக் காருக்குள் இருந்தேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு வடை எடுக்கப் போனார்.

2006இல் பல் வைத்தியர் தொலைபேசி எடுத்தார். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு. காரை விற்கப் போகிறாராம். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு வருகிறார்களாம். இதுதான் அந்த உடைந்த கார் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார்களாம்.

"உங்ககிட்ட அந்த நோட்டு இருக்குங்களா? நடந்ததை ஒரு லெட்டரா எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்.

"நான் சொன்ன நேரம் விடச் சொன்னனீங்கள்" என்றேன்.

"ஆமாங்க. தப்புத்தான்."

"அப்ப உண்மை உங்களுக்குத் தேவைப்படேல்லை. இப்ப தேவைப்படுது."

அவர் மறுக்கவில்லை. போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வைக்காததற்குக் காரணம் அவர் இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரு இயந்திரத்தின்மேல் சுமத்திய பழி அது. அதைத் தெரிந்துகொண்டு நானும் பேசாமல் இருந்தால், நானும் அந்த மூன்று பேரோடு நாலாவது ஆளாகிவிடுவேன்.

"எழுதித் தாறன்" என்றேன். "ஆனா கீழ நீங்களும் கையெழுத்து வைக்கவேணும். அந்த இரவு அவர் போன் எடுத்துச் சொன்னதையும் நீங்கள் எழுதவேணும். ஒரு பிரதி அந்தச் சஞ்சிகைக்கும் போகவேணும்."

"சரிங்க" என்றார்.

எழுதினோம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் இருந்து, தன் பங்கைத் தன் கையால் எழுதினார். என் பெயருக்குக் கீழே முன்பு போலவே டர்போ சமப்படுத்துபவர் என்று போட்டேன். முதலாளி அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகியிருந்தார். அவர் இருந்த காலத்திலேயே இது நடந்திருக்க வேண்டும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர் மறுத்திருக்க மாட்டார். கேட்டால் உண்மை சொல்கிற மனிதர், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. சஞ்சிகைக்கு அனுப்பிய பிரதி திரும்பி வந்தது. அந்தச் சஞ்சிகை மூடப்பட்டுவிட்டதாம். எழுத்தாளர் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதம் கிரெய்கிபர்னில் இருந்து ஒரு தமிழ்நாட்டுக்காரர் காரை வாங்க வந்தார். கணினி வேலை, முப்பது வயதிருக்கும். கடிதம் எழுதிய ஆளையே பார்க்க வேண்டும் என்றாராம். பல் வைத்தியர் அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தேநீர் கொடுத்தேன். கொப்பியை அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"ரெண்டு கார்லயும் உக்காந்திருக்கீங்க. நிஜமா எது பெட்டர் ஆண்ட்டி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அதனால் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "ஜேர்மன் கார் கையால செய்த சாமான். கதவில இருந்து எஞ்சின் வரைக்கும் ஒரு இடத்திலயும் ஏமாத்து இல்லை. ஆனா அதைச் செய்தவையள், ஓட்டுறவன் பிழை விடமாட்டான் எண்டு நினைச்சுச் செய்திருக்கினம். யப்பான் காரைச் செய்தவையள், ஓட்டுறவன் பிழை விடுவான் எண்டு தெரிஞ்சு செய்திருக்கினம். எனக்கு ரெண்டாவது ஆக்களின்ர யோசனைதான் பிடிக்கும். அண்டைக்கு மலையில முந்தினதும் அதுதான்."

அவர் தலையாட்டினார். கொண்டுவந்த கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். முகத்தில் உண்மையாகவே மதிப்புத் தெரிந்தது. எனக்கும் மனம் கொஞ்சம் இளகியது.

எழும்பும்போது கேட்டார். "இவ்வளவு டீடெயிலா சொல்றீங்களே, அங்கிள் மெக்கானிக்கா இருந்தாரா ஆண்ட்டி?"

பக்கத்து அறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த என் கணவர் பக்கம் புரட்டுவதை நிறுத்தினார்.

"இல்லை தம்பி" என்றேன். "அங்கிள் வங்கியில வேலை செய்தவர். அவருக்கு டயர் மாத்தவும் தெரியாது. அந்தக் கடிதத்தில வேலை என்னெண்டு எழுதியிருக்கிற இடத்தை, வீட்ட போய் இன்னொருக்கால் வடிவா வாசியும்."

அவர் அங்கேயே நின்று, பையிலிருந்து கடிதத்தை எடுத்து, கீழே கையொப்பம் இருந்த இடத்தை வாசித்தார். காதுவரை சிவந்தது. கணவர் எழுந்து வந்து வாசலில் நின்று, "அவதான் செய்தவ" என்று சொன்னார். அதை அவர் வேறொருவர் முன்னால் சொன்னது அதுதான் முதல் முறை. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.